கீசர் மாட்டத் தெரியும்... எர்த் இருக்கான்னு பார்த்தீங்களா?

கார்த்திகை பிறந்து காலைக் குளிர் லேசாக உறைக்க ஆரம்பித்ததும் கீசர் விற்பனை சூடுபிடிக்கும். ஷவரில் சுடுதண்ணீர் வர வேண்டும், அவ்வளவுதான் ஆசை. தப்பில்லை. சுவரில் ரெண்டு ஓட்டை, தண்ணீருக்கு ரெண்டு பைப், கரண்டுக்கு ஒரு பிளக். "இதுக்குப் போய் எலக்ட்ரீஷியனா? நானே பார்த்துக்கறேன்" என்று சொல்லாத வீடு குறைவு.

சுவரில் மாட்டுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆபத்து அந்த ஒரு பிளக்கில் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர்கள் பெரும்பாலும் 3,000 வாட். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வகுத்தால் 13 ஆம்பியர் வருகிறது. டிவி, செல்போன் சார்ஜர், டேபிள் ஃபேன் எல்லாம் செருகும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. ஹீட்டரோடு வரும் பெரிய பிளக் அதில் நுழையாது. நுழையக்கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் நம்ம ஊர் எலக்ட்ரிகல் கடைகளில் அதற்கும் ஒரு 'கன்வர்ட்டர்' கிடைக்கிறது. பெரிய பிளக்கை அதில் செருகி, அதைச் சின்ன சாக்கெட்டில் செருகிவிட்டால் வேலை முடிந்தது!

கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 6 ஆம்பியருக்குச் செய்த இடத்தில் 13 ஆம்பியர் ஓடினால், சாக்கெட்டின் பித்தளைத் தகட்டிலும் ஸ்க்ரூ இணைப்பிலும் உண்டாகும் சூடு நாலரை மடங்கைத் தாண்டும். முதல் நாளே எரிந்துபோனால்கூட நல்லது, உஷாராகிவிடலாம். அப்படி ஆவதில்லை. தினமும் பத்து நிமிடம் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, ஸ்க்ரூ தளர்ந்து, பிளாஸ்டிக் பழுப்பேறி, ஏதோ கருகும் வாடை வருவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். "ஆறு மாசமா ஓடுது, ஒண்ணும் ஆகலையே" என்ற தைரியம் அதற்குள் வந்துவிடும்.

வாஷிங் மெஷின் பாயின்டிலிருந்து ஒரு வயரை 'லூப்' எடுத்து ஹீட்டருக்குக் கொடுப்பதும் இதே ரகம். இரண்டும் ஒன்றாக ஓடும் நாளில்தான் தெரியும். எம்.சி.பி. விழும். அது தன் கடமையைச் செய்கிறது. உடனே நம் ஆள் கடைக்குப் போய் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்குப் பதிலாக 32 வாங்கி மாட்டுவார். இனி விழாது. சுவருக்குள் இருக்கும் வயர் மட்டும் அதே பழைய வயர். கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயரைத் தனியாக இழுக்கும் வழக்கம் சும்மா வரவில்லை.

எம்.சி.பி. உங்களைக் காப்பாற்றாது

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். "எம்.சி.பி. இருக்கு சார், ஷாக் அடிச்சா தானா ஆஃப் ஆயிடும்." ஆகாது. எம்.சி.பி. வயரைக் காப்பாற்ற வந்தது. 16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லி ஆம்பியர். மனித உடம்பில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில விநாடிகள் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. நனைந்த உடம்பு, வெறுங்கால், ஈரத்தரை என்றால் உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். அப்போது 230 வோல்ட்டில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். எம்.சி.பி.க்கு அது ஒரு பல்பு எரிகிற மாதிரி. அது பாட்டுக்கு இருக்கும்.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தால் கண் சிமிட்டும் நேரத்தில் துண்டிக்கும். ஆனால் இதற்கும் எர்த் சரியாக வேண்டும். எர்த் இருந்தால், ஹீட்டரின் உலோக உடம்பில் கசிவு தொடங்கியதுமே கரண்ட் எர்த் வழியாக ஓடி ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும், யாரும் தொடாமலேயே. எர்த் இல்லையென்றால் ஒருவர் தொட்ட பிறகுதான் விழும். அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி.

கசிவு ஏன் வருகிறது? போர் தண்ணீர் ஒரு காரணம். சென்னையிலும் பல மாவட்டங்களிலும் பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற உப்பு, கீசருக்குள் இருக்கும் எலிமென்ட் மீதும் படிகிறது. உப்புப் பொருக்குக்கு அடியில் எலிமென்ட் அளவுக்கு மீறிச் சூடாகி, மேலுறை விரிசல் விட்டால் கரண்ட் நேராகத் தண்ணீரைத் தொடுகிறது. இதில் பிராண்ட் பேதம் கிடையாது.

தானே வயரிங் செய்கிறவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த எர்த்தைத்தான். ஏனென்றால் எர்த் இல்லாவிட்டாலும் தண்ணீர் சுடுகிறது! பச்சை வயரை வெட்டி டேப் சுற்றிவிட்டாலும் எதுவும் நிற்காது. இதைவிட மோசமான வித்தை ஒன்று உண்டு: சாக்கெட்டில் எர்த் பின்னையும் நியூட்ரலையும் சின்ன வயர் போட்டு இணைத்துவிடுவது. டெஸ்ட் லேம்ப் வைத்தால் பளிச்சென்று எரியும், எர்த் பக்காவாக இருப்பதுபோலத் தெரியும். என்றைக்காவது நியூட்ரல் வயர் எங்கோ அறுந்தால், ஹீட்டரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். ஆர்.சி.சி.பி.யும் கசிவைக் கண்டுபிடிக்காமல் ஏமாந்துபோகும்.

நம் வீடுகளில் அம்மாக்கள் சொல்வது உண்டு: "ஆஃப் பண்ணிட்டுக் குளி." நல்ல பழக்கம். ஆனால் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், ஒற்றை சுவிட்ச் துண்டிப்பது நியூட்ரலை. சுவிட்ச் ஆஃப், இண்டிகேட்டரும் ஆஃப், எலிமென்டில் மட்டும் கரண்ட். இதனால்தான் கீசருக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் துண்டிக்கும் டி.பி. சுவிட்ச்சை, குளியலறைக்கு வெளியே போடச் சொல்கிறார்கள்.

சமையலறையில் ஷாக் அடித்தால் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். குளியலறையில் உள்ளே தாழ் போட்டிருக்கும். கதவை உடைத்துப் போகிறவர் மெயினை அணைக்காமல் தொட்டால் அவரும் மாட்டிக்கொள்வார்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் (2010இல் வந்தவை, 2023இல் புதுப்பிக்கப்பட்டவை) நியாயமாகவே பேசுகின்றன. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவதை நீங்களே செய்யலாம், இணைப்பின் திறனோ தன்மையோ மாறாத வரை. அதைத் தாண்டிய வயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கென மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது, மின்கம்பியாள் உதவியாளருக்குத் தகுதிகாண் தேர்வும் நடக்கிறது. பிரிட்டனில் 2005இல் வந்த விதி, ஷவர் பக்கத்தில் செய்யும் புது வயரிங்கை உள்ளாட்சி அலுவலகத்துக்குத் தெரிவிக்கவோ, பதிவுபெற்ற ஆளிடம் சான்று வாங்கவோ சொல்கிறது. நம்மிடம் விதி இருக்கிறது, கேட்க ஆள் இல்லை.

அதற்காகத் தானே செய்கிறவர் மீது மட்டும் பழியைப் போட எனக்கு மனமில்லை. கீசர் வாங்கினால் 'ஃப்ரீ இன்ஸ்டலேஷன்' என்று வருகிறவர் என்ன செய்கிறார்? சுவரில் மாட்டி, பைப் இணைத்து, "பாயின்ட் ரெடியா வெச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அந்தப் பாயின்டில் எர்த் இருக்கிறதா என்று பார்ப்பது யாருடைய வேலை? கம்பெனியைக் கேட்டால் வீட்டு வயரிங் எங்களுடையதல்ல என்கும். வாடகை வீட்டுக்காரரைக் கேட்டால், "வேணும்னா நீங்களே செஞ்சுக்கோங்க." நாலு மாடிக் குடியிருப்பின் எர்த் குழியில் கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினார்கள் என்பது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியாது. குடியிருப்பவர் யூடியூபைத் திறக்கிறார்.

ஹீட்டரை மாட்ட வருகிறவர், எர்த்தையும் ஆர்.சி.சி.பி.யையும் சோதித்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் வாரன்டி தொடங்கும் என்று ஒரு விதி கொண்டுவரலாம். சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். எர்த் இல்லையென்றால் மாட்டாமல் திரும்பிப் போகட்டும். விற்பனை கொஞ்சம் குறையும் என்பார்கள், குறையட்டுமே. வாடகை ஒப்பந்தத்தில் வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்று எழுதுகிறோம். ஆர்.சி.சி.பி.யை வீட்டு உரிமையாளர் போட்டுத் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய விஷயமில்லை.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே மாட்டியிருந்தால், மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். 'டி' என்று எழுதிய சின்னப் பட்டன் உள்ள பெட்டிதான் ஆர்.சி.சி.பி. கரண்ட் இருக்கும்போது அதை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழவில்லையென்றாலோ, அப்படியொரு பட்டனே இல்லையென்றாலோ, எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை தண்ணீரை அடுப்பில் காய்ச்சிக்கொள்ளுங்கள். பட்டன் வேலை செய்தாலும் எர்த்தைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள், அந்தப் பட்டன் எர்த்தைப் பார்ப்பதில்லை.