தீப்புண்ணுக்குத் தண்ணீரே முதல் மருந்து

நம் முன்னோர் ரங்கூன் என்றழைத்த யங்கோன் மாநகரில், 2011 ஆம் ஆண்டு டிசம்பர் 29 ஆம் திகதி அதிகாலையில் பண்டகசாலை ஒன்று தீப்பற்றி வெடித்தது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயை அணைக்கச் சென்றோரும் அவர்களில் அடங்குவர். உலகம் அறிவது இத்தகைய பெருந்தீயை மட்டுமே. 2021 இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் மின்வெட்டு மிகுந்துள்ள அந்நகரில், மெழுகுதிரியும் கரியடுப்பும் சுடும் குழந்தைகளின் கைகள் செய்தியாவதில்லை. நமது அகதி விடுதிகளின் பொதுச் சமையலறைகளில் நேரும் விபத்துகளும் அவ்வாறே மறைந்துபோகின்றன.

சூடுபட்டதும் நம்மவர் நாடுவது எதை? பற்பசையை, வெண்ணெயை, முட்டை வெள்ளைக்கருவை. அன்பினாற் செய்யப்படினும் இவை தீங்கே விளைக்கின்றன. நெருப்பு அகன்ற பின்னரும் தோலினுள் தங்கிய வெப்பம் தசையை வேகவைத்துக்கொண்டிருக்கும். பூச்சுகள் அவ்வெப்பத்தைத் தணிப்பதில்லை. கிருமிக்கு இடங்கொடுத்து, புண்ணின் ஆழத்தை மருத்துவர் காணவொட்டாது மறைக்கின்றன. பனிக்கட்டியோ இரத்தவோட்டத்தைக் குறைத்துப் புண்ணை ஆழமாக்கும்.

செய்யவேண்டியது எளிது. சுட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். உடனே இயலாவிடினும் மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தாற் பயனுண்டு. வீக்கம் தோன்றுமுன் மோதிரம், காப்பு, உடை ஆகியவற்றைக் களைக. ஒட்டிய துணியை இழுக்கலாகாது. கொப்புளத்தை உடைக்கலாகாது. பின்னர் உணவைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் புண்ணின்மேல் தளர்வாக இட்டு, உடலின் ஏனைய பகுதியைப் போர்வையால் மூடுக. குழந்தைகள் விரைவிற் குளிர்ந்துவிடுவர்.

புண் காயமுற்றவரின் கையளவை விஞ்சினாலும், முகம், கை, பாதம், மறைவிடம் ஆகியவற்றிற் பட்டாலும், மின்சாரத்தாலோ இரசாயனத்தாலோ நேர்ந்தாலும் மருத்துவமனையே கதி. வதிவிட அனுமதி இல்லையே என்றெண்ணி விடியும்வரை வலியோடு காத்திருப்போர் நம்மிடையே உளர். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112 என்னும் இலக்கத்துக்குக் கட்டணமில்லை. அழைப்பதற்குக் கடவுச்சீட்டும் வேண்டியதில்லை. மொழி தெரியாதோர், விடுதி முகவரியையும் தீக்காயத்தைக் குறிக்கும் அந்நாட்டுச் சொல்லையும் தமிழெழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தல் நன்று.

பொங்கலுக்கும் கலைவிழாவுக்கும் மண்டபம் எடுக்கும் நமது சங்கங்கள், ஆண்டுக்கு ஒரு மணித்தியாலம் இதனைக் கற்பிக்க ஒதுக்கக் கூடாதா? யுத்தத் தீயிலிருந்து காத்துக் கொணர்ந்த பிள்ளைகளை அடுப்படியில் அறியாமைக்குப் பலியிடுதல் நமக்குத் தகாது.