வெனிலாச் சர்க்கரை

ஏலக்காயைப் பொடி செய்த பிறகு அதன் தோலை எறிந்துவிடும் வழக்கம் நம் பாட்டிமார்களிடம் இருந்ததில்லை. சர்க்கரை டப்பாவிலோ தேயிலை டப்பாவிலோ அதைப் போட்டு மூடி வைப்பார்கள். நாலைந்து நாள் கழித்து மூடியைத் திறந்தால் கம்மென்று மணம் வீசும். பட்டுப் புடவைப் பெட்டியில் தாழம்பூ மடலை வைப்பதும் இதே யுக்திதான். இதை அறிந்தவர்களுக்கு வெனிலாச் சர்க்கரை செய்யப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியது அதிகமில்லை, ஞாபகப்படுத்தினால் போதும்.

ஞாபகப்படுத்தும்படி செய்தது ஒரு சகோதரியின் கடிதம். மலைப் பிரதேசத்தில் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் அவருக்கு நான்கு வெனிலாக் காய்களைக் கொடுத்தாராம். ஒன்றைப் பாலில் போட்டுக் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கஸ்டர்ட் செய்துவிட்டு, சக்கையைக் குப்பையில் போட்டுவிட்டார். அப்புறம் கடையில் விலையை விசாரித்தபோதுதான் திடுக்கிட்டார். "மீதி மூன்றையாவது வெகுநாள் வரும்படி செய்துகொள்ள வழி உண்டா?" என்று கேட்கிறார். வழி உண்டு. போனதைப் பற்றி அவர் அதிகமாக வருந்தவும் வேண்டாம். இதை எழுதுகிறவளும் ஒரு காலத்தில் அதே காரியத்தைச் செய்தவள்தான்.

ஒரு காய்ந்த காய்க்கு இவ்வளவு விலை ஏன் என்பதை முதலில் பார்ப்போம்.

வெனிலா ஆர்க்கிட் இனத்தைச் சேர்ந்த ஒரு கொடி. அதன் தாயகம் மெக்ஸிகோ. ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் அதன் காயை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார்கள். பின்னர் கொடியும் பல தேசங்களுக்குப் போயிற்று. போன இடங்களில் தழைத்தது, பூத்தது. ஆனால் காய்க்க மட்டும் மறுத்தது. பூவின் ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவே ஒரு சிறு சவ்வு திரைபோல் நிற்பதுதான் அதற்குக் காரணம். 1836-இல் பெல்ஜியத்தில் சார்ல்ஸ் மோரன் என்ற தாவர சாஸ்திரி தம் கையாலேயே மகரந்தத்தைச் சேர்த்துக் காய்க்கச் செய்தார். ஆயினும் தோட்டங்களில் அந்த முறை பரவவில்லை.

தோட்டக்காரர்களுக்கு வழி காட்டியவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன். இந்து மகா சமுத்திரத்தில் உள்ள ரியூனியன் தீவில் அடிமையாகப் பிறந்த எட்மான்ட் என்பவன் அவன். 1841-இல் மெல்லிய குச்சியால் அந்தச் சவ்வை நிமிர்த்தி, கட்டை விரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்த்துவிட்டான். சில விநாடிகளில் முடிகிற வேலை. இன்றும் உலகெங்கும் இந்த முறையையே கையாளுகிறார்கள். ரியூனியன் தீவும் பிறகு மடகாஸ்கரும் வெனிலாவினால் பொருள் திரட்டின. 1848-இல் அங்கே அடிமைத்தனம் ஒழிந்தபோது எட்மான்டுக்குச் சுதந்தரமும் 'ஆல்பியஸ்' என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன, செல்வம் கிடைக்கவில்லை. 1880-இல் அவர் வறுமையிலேயே காலமானார்.

ஒவ்வொரு பூவும் ஒரே ஒரு நாள் காலையில் சில மணி நேரமே மலர்ந்திருக்கும். அதற்குள் அதை ஒரு கை தொட்டாக வேண்டும். பிறகு காய் முற்றுவதற்கு எட்டொன்பது மாதம். பறித்த பச்சைக் காயிலோ மணம் என்பதே கிடையாது. வெந்நீரில் சில நிமிஷம் அமிழ்த்தி, கம்பளியில் சுற்றி வேர்க்க வைத்து, பல நாள் வெயிலில் காட்டி, நிழலில் உலர்த்தி, பெட்டியில் மாதக்கணக்காக மூடி வைத்த பின்பே அந்தப் பரிமளம் பிறக்கிறது. ஐந்தாறு கிலோ பச்சைக் காய் சுண்டி ஒரு கிலோவாகிவிடும். விலை ஏன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

இனிப் பக்குவத்துக்கு வருவோம். நல்ல காய் கரும்பழுப்பு நிறமாய், எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பாய் இருக்கும்; விரலில் சுற்றினால் ஒடியாமல் வளையும். அதன்மேல் ஊசி ஊசியாக வெண்மையாக மின்னும் படிகங்களைக் கண்டால் பூஞ்சணம் என்று பயந்துவிடாதீர்கள். வெனிலின் என்னும் மணச்சத்தே அவ்விதம் வெளியே பூத்திருக்கிறது. பூஞ்சணமாயின் பஞ்சுபோல் மங்கலாகப் படர்ந்து மக்கல் வாடை அடிக்கும். அதை எறியத்தான் வேண்டும்.

அரைக் கிலோ சர்க்கரைக்கு ஒரு காய் போதுமானது. மணம் தூக்கலாக வேண்டுமானால் கால் கிலோவுக்கு ஒன்று. ஈரமில்லாத பலகையில் காயை வைத்து, கூரிய கத்தியால் நீளவாட்டில் பிளந்து, கத்தியின் முதுகால் உட்புறத்தை வழியுங்கள். கடுகைவிட மிகச் சிறிய கரிய விதைகள் பிசுபிசுப்பாக வரும். அவற்றை ஒரு கைப்பிடி சர்க்கரையில் போட்டு, கட்டியில்லாமல் பரவும்வரை விரல் நுனியால் தேய்த்து, பிறகு மீதிச் சர்க்கரையுடன் கலந்துவிடுங்கள். தோலை இரண்டு மூன்று துண்டுகளாக்கி நடுவில் புதைத்து, காற்றுப் புகாத மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஊறுகாய் இருந்த ஜாடி மட்டும் வேண்டாம். எத்தனை தடவை கழுவினாலும் அது தன் பூர்வோத்தரத்தை மறக்காது.

இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை ஜாடியைக் குலுக்கி வந்தால் இரண்டு வாரத்தில் சர்க்கரை தயார். காயில் உள்ள ஈரத்தினால் சிறிது கட்டி தட்டினால் பாதகமில்லை, உதிர்த்துவிட்டால் போயிற்று. எடுக்க எடுக்க, எடுத்த அளவுக்குப் புதுச் சர்க்கரை போட்டுக் குலுக்கி வையுங்கள். ஒரே தோல் பல தடவை மணம் கொடுக்கும். பாலில் போட்டுக் காய்ச்சிய சக்கையையும் எறிய வேண்டியதில்லை. பால் பிசுக்குப் போகக் கழுவி, மொறமொறவென்று காயவிட்டு, அதே ஜாடியில் சேர்க்கலாம். ஈரத்துடன் மட்டும் போடக் கூடாது. ஜாடி முழுவதும் கெட்டுவிடும். மணம் அறவே குறைந்த பிறகு, உலர்ந்த தோல்களைச் சிறிது சர்க்கரையுடன் அரைத்துச் சலித்துக்கொண்டால் அதுவும் ஒரு தடவைக்கு ஆகும்.

பால், கஸ்டர்ட், ஐஸ்கிரீம், கேக், பிஸ்கோத்து முதலியவற்றில் சாதாரணச் சர்க்கரைக்குப் பதிலாக, முழுவதுமோ ஒரு பகுதியோ, இதைப் போடலாம். அடுப்பில் வைத்துச் செய்பவற்றில் இறக்கிய பிறகு சேர்த்தால் மணம் ஆவியாய்ப் போகாது. நறுக்கிய பழத்தின்மேல் தூவினாலும் நன்றாயிருக்கும். ஏலக்காயோ பச்சைக் கற்பூரமோ சேர்ந்த பாயஸத்தில் இதைப் போட வேண்டாம். ஒரே மேடையில் இரண்டு வித்துவான்கள் இரண்டு ராகம் பாடினால் எப்படியிருக்கும்? காப்பியில் போடலாமா என்றால், போடலாம். ஆனால் வீட்டிலுள்ள காப்பிப் பிரியர்களின் கோபத்துக்கு நான் ஜவாப்தாரி அல்ல.

கடைகளில் பொட்டலமாக விற்பதை வாங்கினால் என்ன என்று கேட்கலாம். 1874-இல் ஜெர்மனியில் டீமான், ஹார்மான் என்ற இரு ரசாயன சாஸ்திரிகள், ஊசியிலை மரத்தில் கிடைக்கும் ஒரு சத்திலிருந்து வெனிலினைச் செய்து காட்டினார்கள். இன்று உலகில் செலவாகும் வெனிலினில் மிகப் பெரும் பகுதி தொழிற்சாலைச் சரக்குதான். ஜெர்மானியர்கள் காயினால் செய்ததை வெனிலாச் சர்க்கரை என்றும், ரசாயனத்தினால் செய்ததை வெனிலின் சர்க்கரை என்றும் பிரித்தே விற்கிறார்கள். பின்னதை விஷம் என்று சொல்லிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. அதற்குரிய விலை கொடுத்து, அதன் பெயர் தெரிந்து வாங்கினால் தவறில்லை. காய்க்குரிய விலையை அதற்குக் கொடுப்பதுதான் தவறு. கரும்புள்ளிகளைக் கண்டு மட்டும் நம்பிவிடாதீர்கள். சத்து எடுத்த விதைகளையும் அழகுக்காகக் கலப்பது உண்டு. பொட்டலத்தின்மேல் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள்.

நம் தேசத்திலும் கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகியவற்றின் மலைச்சாரல்களில் இந்தக் கொடியை வளர்க்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் மடகாஸ்கரைப் புயல் தாக்கிய பிறகு விலை வெகுவாக ஏறியது. அதை நம்பி அநேக சிறு விவசாயிகள் பாக்கு, காப்பித் தோட்டங்களில் கொடி வைத்தார்கள். சில ஆண்டுகளில் விலை சரிந்தது. பலர் நஷ்டப்பட்டுப் பிடுங்கி எறிந்தார்கள். விடாமல் காத்து வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டாரும் பூக்கும் பருவத்தில் விடியற்காலையில் குச்சியுடன் கொடிகளிடையே நின்றுதான் ஒவ்வொரு பூவையும் தொடுகிறார்கள். வாங்கச் சக்தியுள்ளவர்கள் அவர்களுடைய காயை வாங்குவது நல்லது.

கடிதம் எழுதிய சகோதரியிடம் இருக்கும் மூன்று காய்களுக்கு ஒன்றரைக் கிலோ சர்க்கரை ஆகும். மூன்றையும் ஒரேயடியாகப் பிளக்க வேண்டாம். இப்போது ஒன்று போதும். மற்ற இரண்டையும் மெழுகுக் காகிதத்தில் சுற்றி ஒரு சிறு புட்டியில் மூடி வைக்கட்டும். ஜாடியின்மேல் தேதி எழுதி ஒட்டவும் மறக்க வேண்டாம். இரண்டு வாரம் பொறுத்து முதல் கரண்டியை எடுக்கலாம்.