ரோடு இருக்கட்டும், ‘அன்ஸ்கில்ட்’ போகட்டும்

தென்காசி ரோடு, டி.பி. மில்ஸ் ரோடு, முடங்கியார் ரோடு, ரயில்வே ஃபீடர் ரோடு: ராஜபாளையத்தில் யாரிடம் வழி கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். கடைசிப் பெயரைக் கவனித்தால் ஒன்று தெரியும். ரயிலடிக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுவந்து சேர்க்கும் வழி என்பது ரயில்வேக்காரர்களின் பார்வை. அங்கே குடியிருப்பவர் தன் தெருவுக்குத் தானாக அப்படியொரு பெயர் வைத்திருக்க மாட்டார். பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இப்படி ஒன்று உண்டு. ஆண்டாள் தேர் ஓடும் ரத வீதிகள் ஆங்கிலத்தில் ‘கார் ஸ்ட்ரீட்’ ஆகின. மோட்டார் வாகனம் வருவதற்கு முன்பே தேரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கிய சொல்தான் ‘கார்’. அது தெரியாதவர்கள் இன்று அந்தப் பெயரைப் படித்தால் ஏதோ வாகன நிறுத்தம் என்று நினைத்துக்கொள்ளலாம். இந்தப் பெயர்களையெல்லாம் தமிழாக்க வேண்டும் என்ற கோரிக்கை எல்லா ஊர்களிலும் அவ்வப்போது எழும், அடங்கும். 2017-இல் வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தேசிய நெடுஞ்சாலை மைல்கற்களில் ஆங்கிலத்துக்குப் பதில் இந்தி எழுதப்பட்டபோது தமிழ்நாடே கொதித்தது. கல்லில் எந்த எழுத்து இருக்க வேண்டும் என்பதில் நமக்கு இருக்கும் அக்கறை நியாயமானதே. ஆனால் அந்தக் கல்லை நட்டவரை, அந்தச் சாலையைப் போட்டவரை அரசுக் காகிதம் எந்தச் சொல்லால் குறிக்கிறது என்று நாம் கேட்டதில்லை. தீங்கு செய்யும் ஆங்கிலம் அங்கேதான் இருக்கிறது.

பேச்சில் கலந்த ஆங்கிலத்தால் சாலைக்கு ஒரு கேடும் இல்லை. ரோடு, பைபாஸ், ரோலர், டிப்பர், டெண்டர், கான்ட்ராக்ட் எல்லாம் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பொருள் விளங்கும் சொற்கள். ‘தார்’ என்பதே ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். ‘தார்ச்சாலை’ என்று எழுதித் தூய தமிழ் எழுதிவிட்டதாக மகிழ்பவர்கள் அதை மன்னிக்க வேண்டும். மேஸ்திரி போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல், மஸ்தூர் பாரசீகத்திலிருந்து வந்தது. இப்படி வந்தவை வேலையிடத்தில் புழங்கிப் புழங்கி நம்முடையவை ஆகிவிட்டன. காகிதத்தில் மட்டும் வாழும் சொற்களின் கதை வேறு. ‘அன்ஸ்கில்ட்’ என்பது அவற்றில் முதன்மையானது. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், சாலை அமைப்பதையும் பராமரிப்பதையும் தன் அட்டவணையில் சேர்த்திருந்தது. அதன்கீழ்க் கூலியை நிர்ணயித்தபோது தொழிலாளர்கள் திறன் இல்லாதவர், ஓரளவு திறன் உள்ளவர், திறன் உள்ளவர், மிகுதிறன் உள்ளவர் என்று பிரிக்கப்பட்டார்கள். அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே படிகளைத்தான் வைத்திருக்கிறது. நூறு நாள் வேலை என்று மக்களே பெயர் சூட்டிக்கொண்ட திட்டத்துக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் ‘திறன் தேவைப்படாத உடலுழைப்பு’ என்றே அந்த வேலையை வரையறுத்தது. வெயிலில் ஜல்லி சுமக்கும் ஒருவரைப் பார்த்து ‘நீ திறனற்றவன்’ என்று தமிழில் சொன்னால் அங்கேயே சண்டை வரும். அதையே ஆங்கிலத்தில் எழுதி, எண்ணோடு சேர்த்து, சம்பளப் பட்டியலில் வைத்தால் ஒருவருக்கும் உறைப்பதில்லை.

அந்த வேலையைச் சற்று நின்று பார்க்கலாம். தார்க்கலவை ஆலையிலிருந்து 150 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் லாரியில் வருகிறது. அது நூறு டிகிரியை ஒட்டிக் குளிர்வதற்குள் கொட்டி, பரப்பி, ரோலர் ஓட்டி முடித்தாக வேண்டும். ஆறிப்போன கலவையை எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது, அடுத்த மழையில் பெயர்ந்துவிடும். சாலையின் நடுப்பகுதி ஓரத்தைவிட மேடாக இருக்க வேண்டும்; மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் என்ற அளவில் இருபுறமும் சரிய வேண்டும். அப்போதுதான் தண்ணீர் நிற்காமல் ஓடும். இயந்திரம் பரப்பினாலும் பழைய பரப்போடு புதியது சேரும் இணைப்பில், வளைவில், வடிகால் மூடியைச் சுற்றி, கையில் பலகை பிடித்தவர்தான் கலவையைக் கூட்டியும் குறைத்தும் மட்டம் பார்க்கிறார். அவர் கையில் வெப்பமானி கிடையாது. எழும் புகையையும் கலவையின் மினுமினுப்பையும் பார்த்தே சூட்டைக் கணிக்கிறார். குழி அடைப்பது இன்னும் நுணுக்கமானது. ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, மண்ணையும் ஈரத்தையும் துடைத்து, அடியில் தார் தெளித்து, அடுக்கடுக்காக இட்டு இறுக்க வேண்டும். இதில் ஒன்றைத் தவறவிட்டாலும் அந்த ஒட்டு நாலு நாள் தாங்காது. ராஜபாளையத்தில் பாதாளச் சாக்கடைக்கும் தாமிரபரணிக் குடிநீருக்கும் தெருத்தெருவாகத் தோண்டியபோது, மூடிய பள்ளத்தின் மண் சரியாக இறுகியதா இல்லையா என்பதில்தான் மேலே போட்ட சாலையின் ஆயுள் இருந்தது. இறுகாத இடம் முதல் மழையிலேயே உள்வாங்கும். இருசக்கர வாகனத்தில் போனவர்களுக்கு அதன் பொருள் தெரியும். தரமற்ற சாலை என்று பொறியாளரையும் ஒப்பந்தக்காரரையும் ஏசும் நாம், தரம் கடைசியில் யார் கையில் நிர்ணயமாகிறதோ அவருக்குத் திறன் என்ற ஒன்றே கிடையாது என்று எழுதிய காகிதத்தை ஏற்றுக்கொள்கிறோம். இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாக முடியும்?

சான்றிதழ் இல்லாத திறமையை மதிக்கத் தெரியாத ஊர்கள் அல்ல இவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். தேர் எங்கே நிற்க வேண்டும், முக்கில் எப்படித் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்பவர்களோ சக்கரத்தின் அடியில் சறுக்குக்கட்டை போடும் சிலர்தான். உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, எந்தச் சக்கரத்துக்கு எந்த நொடியில் எந்தக் கோணத்தில் கட்டை வைப்பது என்பதை எந்தக் கல்லூரியும் கற்றுக்கொடுப்பதில்லை. ஆனால் அவரைத் திறனற்றவர் என்று அந்த ஊரில் யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். அதே ரத வீதியில் தேர் புதையாமல் ஓடத் தரையை மட்டப்படுத்திய ஆள் மட்டும் ஏன் வேறு கணக்கில் வருகிறார்? கோயில் வேலைக்குப் புண்ணியம் உண்டு, கூலி வேலைக்கு இல்லை என்பது பதிலாகாது. தேர் வேலையை நாம் நம் மொழியில் பார்க்கிறோம். சாலை வேலையைக் கோப்பின் மொழியில் பார்க்கிறோம். ‘கூலி’ என்ற நம் சொல்லுக்கு நேர்ந்ததும் இதுதான். தமிழில் அது வேலைக்குத் தரும் ஊதியம். காலனி ஆட்சியின் ஆங்கிலத்தில் அது வேலை செய்யும் ஆளின் பெயராகி, இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியது. அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் குஜராத்தின் கோலி மக்களின் பெயரில் இருப்பதாகவும் ஒரு கருத்து உண்டு. அப்படியே இருந்தாலும், கொடுக்க வேண்டிய காசின் பெயர் ஆளின் மீது ஒட்டிக்கொண்டது என்பதில் மாற்றமில்லை.

பெயருக்கும் காசுக்கும் உள்ள உறவுக்குத் தமிழ்நாட்டு நெடுஞ்சாலைத் துறையிலேயே சாட்சி இருக்கிறது. 1997-இல் அத்துறை சுமார் பத்தாயிரம் பேரைச் ‘சாலைப் பணியாளர்’ என்ற பெயரில் வேலைக்கு எடுத்தது. பழைய ‘கேங் மஸ்தூர்’ போய் வந்த நல்ல தமிழ்ப் பெயர் அது. 2002 செப்டம்பரில் அவர்கள் ஒட்டுமொத்தமாக நீக்கப்பட்டார்கள். 2006 பிப்ரவரியில் திரும்ப எடுக்கப்பட்டார்கள். இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கணக்கிட வேண்டும் என்பது அவர்களுடைய சங்கத்தின் நெடுநாள் கோரிக்கை. அதைவிட என் கவனத்தை ஈர்ப்பது மற்றொரு கோரிக்கை. தங்களுக்குத் ‘தொழில்நுட்பக் கல்வித்திறன் பெறாத ஊழியர்’களுக்குரிய தர ஊதியமான 1,900 ரூபாய் வேண்டும் என்று கேட்டார்கள். இந்தத் தொடரைக் கவனியுங்கள். கல்லூரிக்கும் தொழிற்பயிற்சிக்கும் போகவில்லை என்பதை அது ஒப்புக்கொள்கிறது. வேலை தெரியாது என்று சொல்லவில்லை. ஆங்கிலச் சொல் மறைத்துவைக்கும் வேறுபாட்டை இந்த அலுவலகத் தமிழ், அதன் நடை எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும், வெளியே கொண்டுவந்துவிடுகிறது. 1982-இல் இயற்றப்பட்ட நம் மாநிலச் சட்டமும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துக்கு அடிப்படையான இடத்தில் ‘உடலுழைப்புத் தொழிலாளர்’ என்றுதான் பேசுகிறது. ஒருவர் எதைக் கொண்டு உழைக்கிறார் என்று அது சொல்கிறது. அவருக்கு என்ன இல்லை என்று சொல்லப் போகவில்லை.

பெயரை மாற்றினால் வயிறு நிறையுமா என்ற மறுப்பு வலுவானது. துப்புரவுப் பணியாளர்களை இனித் ‘தூய்மைப் பணியாளர்’ என்று அழைக்க வேண்டும் என்று 2020-இல் தமிழக அரசு அறிவித்தது. பெயர் மாறியது; ஒப்பந்த முறை மாறவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் புதுப்பெயரைத் தாங்கியவர்கள்தான். மரியாதைப் பெயர் சூட்டிவிட்டுச் சம்பளத்தைத் தொடாமல் விடுவது அரசுகளுக்கு மிக மலிவான வழி. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மின்வாரியத்தைப் பாருங்கள். அங்கே ‘கேங்மேன்’ என்ற பெயரில் எடுக்கப்பட்டவர்கள் தங்களைக் ‘கள உதவியாளர்’ ஆக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். பெயரின் ஓசை பிடிக்காமல் அல்ல. கள உதவியாளர் என்ற பதவியோடு வேறு ஊதியமும் பதவி உயர்வுக்கான படியும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஆக, பெயர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று மேடையில் சொல்லப்படுவது, மற்றொன்று ஊதிய ஆணையில் எழுதப்படுவது. முதல் வகையை எத்தனை முறை மாற்றினாலும் ஒன்றும் நகராது. இரண்டாவதைத் தொட்டால் நிதித்துறை உடனே விழித்துக்கொள்ளும். நான் மாற்றச் சொல்வது இரண்டாவதை.

சாலைப் பொறியியல் உலகப் பொதுவானது, அதன் ஆங்கிலத்தைக் கலைத்தால் குழப்பம் வரும் என்பார்கள் பொறியாளர்கள். அவர்களுடைய ஆங்கிலத்தை யாரும் பறிக்கவில்லை. ஆனால் அந்த ஆங்கிலம் யாரை நினைவில் வைத்திருக்கிறது என்று பார்ப்பது சுவையானது. ஜான் லூடன் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1836-இல் இறந்தார். கற்களைச் சிறிதாக உடைத்து அடுக்கடுக்காகப் பரப்ப வேண்டும் என்று வகுத்த அவருடைய பெயர் இன்றும் நம் மதிப்பீட்டுப் படிவங்களில் ‘வெட் மிக்ஸ் மெக்காடம்’, ‘டென்ஸ் பிடுமினஸ் மெக்காடம்’ என்று அடுக்குக்கு அடுக்கு வருகிறது. ராஜபாளையம் வழியாகப் போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கு அடியில் அவர் பெயர் பல முறை புதைந்திருக்கிறது. அவர் காலத்தில் உட்கார்ந்து சுத்தியலால் கல் உடைத்தவர்களோ எந்தப் படிவத்திலும் இல்லை. நம் துறையின் விலைவிகிதப் பட்டியலிலும் அப்படித்தான்: கலவைக்குப் பத்து வகைப் பெயர், ஆளுக்கு ‘மஸ்தூர் முதல் வகை, இரண்டாம் வகை’. அதற்காகப் புதுச்சொற்களை ஆலையில் வார்த்தெடுக்க வேண்டியதில்லை. புரியாத தனித்தமிழ்ப் பதவிப்பெயர், புரியாத ஆங்கிலத்தைவிட மேலானதும் அல்ல. தார் தெளிப்பவர், மட்டம் பிடிப்பவர், குழி அடைப்பவர், மதகு தூர்வாருபவர் என்று செய்யும் வேலையைச் சொன்னாலே போதும்.

மிஞ்சும் கேள்வி, திறனை எதைக் கொண்டு அளப்பது, செலவை யார் தாங்குவது என்பது. படித்தவருக்கும் படிக்காதவருக்கும் ஒரே படி கொடுத்தால் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு யார் போவார்கள் என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் எல்லோரையும் ஒரே படியில் வைக்கச் சொல்லவில்லை. பத்தாண்டு தார் வேலை செய்தவரும் இன்று காலை வந்தவரும் ஒரே படியில் இருப்பதுதான் தற்போதைய நிலை, அதைத்தான் கலைக்கச் சொல்கிறேன். செய்த ஆண்டுகளையும், வேலையைச் செய்துகாட்டும் சோதனையையும் கணக்கில் எடுக்கலாம். 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பின் ஆறாம் பிரிவு இதற்கு இன்னொரு கதவையும் திறந்துவைத்திருக்கிறது: கூலியை நிர்ணயிக்கும்போது தாங்கமுடியாத வெப்பம் போன்ற வேலைக் கடுமையையும் அரசு கணக்கில் கொள்ளலாம். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் அறிவித்த அரசுக்கு, 150 டிகிரிக் கலவைக்கு முன்னால் நிற்பவரின் வெப்பத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை. செலவைப் பொறுத்தவரை, இயந்திரம் கொண்டு போடும் தார்ச்சாலையில் பணத்தின் பெரும்பகுதி தாருக்கும் ஜல்லிக்கும் டீசலுக்கும் இயந்திர வாடகைக்கும் போகிறது; ஆள்கூலியின் பங்கு சிறிது. கச்சா எண்ணெய் விலை ஏறினால் தாரின் விலையும் ஏறும். அதற்கேற்ப மதிப்பீட்டைத் திருத்தத் துறை தயங்குவதில்லை. அடுத்த ஆண்டுக்கான விலைவிகிதப் பட்டியலைத் தயாரிக்கும்போது ‘மஸ்தூர்’ என்ற அந்த இரண்டு வகையை நான்காகப் பிரித்துத் தமிழில் எழுதலாம். அப்படி எழுதினால், ராஜபாளையத்தில் குழி அடைப்பவர் தான் எந்த வரியில் சேர்க்கப்பட்டிருக்கிறார் என்று மேஸ்திரியிடம் கேட்க முடியும். இப்போது இருக்கும் பட்டியலில் அவர் கேட்பதற்கு ஒரு வரிகூட இல்லை.