மஃப்ளர் கட்டிய கோழி

"மார்கழி பொறந்தா கூண்டை மூடிடணும். காத்து பூர சந்து இருக்கப்படாது." பத்து வருஷமாக இந்த உபதேசம் என் காதில் விழுகிறது. போன தைப்பூசத்தன்று திருவிடைமருதூர் தேரடி டீக்கடையில், காதை மூடி மஃப்ளர் கட்டிய ஒரு பெரியவர் அதையே மறுபடி ஓதினார். கடையே தலையாட்டியது. எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

அவருக்குக் குளிர்கிறது, சரி. கோழிக்கு உடம்புச் சூடே சுமார் 41 டிகிரி. மேலே இறகுப் போர்வை வேறு. நம் ஊர்த் தை மாத விடியல் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். கோழிக்கு அது குளிரே இல்லை. "மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று பழமொழியைச் சாட்சிக்கு இழுத்தார். மச்சைத்தானே? கோழியை என்று சொல்லவில்லையே.

"பனியில கொத்துக்கொத்தா விழுதே?" என்றார். அது வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட் வைரஸ் செய்கிற வேலை. கால்நடைத் துறை பிப்ரவரியில் இருவார முகாம் போட்டு ஊசி குத்துவது அதற்குத்தான். கூண்டை மூடச் சாக்கு விநியோகிக்க யாரும் முகாம் போட்டதில்லை.

மூடினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். கோழி எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மூச்சிலும் ஈரம். தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டு விடியற்காலையில் உள்பக்கம் தடவிப் பாருங்கள், கை நனையும். தரையோ ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறியது. காவிரிக்கரை மண் லேசில் காயாது. உமி நமுத்துக் கட்டிதட்டும். எச்சம் புளித்து அமோனியா கிளம்பும். குனிந்து முட்டை எடுக்கும்போது கண் எரிகிறதே, அதுதான். ராத்திரி முழுக்க அதையே இழுக்கும் கோழிக்கு மூச்சுக்குழாய் புண்ணாகும், சளி கட்டும், தொண்டை கொர்கொர் என்னும். ஈர உமியில் ரத்தக்கழிச்சல் கிருமிக்கும் கொண்டாட்டம். உடனே பெரியவர் வருவார்: "பாத்தியா, பனி தாக்கிடுச்சு." இன்னொரு சாக்கு ஏறும்.

பனிக்கட்டி கொட்டும் அமெரிக்காவிலேயே பிரின்ஸ் உட்ஸ் என்ற மருத்துவர், முன்பக்கம் திறந்த கோழிக்கொட்டகைதான் வேண்டும் என்று 1924இல் புத்தகம் போட்டார். நமக்கோ மார்கழியே இமயமலை.

குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். முதல் வாரம் 35 டிகிரி வரை. அதற்குத் தாய்க்கோழியின் இறக்கை இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு குண்டு பல்பு.

என் கூண்டில் சாரல் அடிக்கும் வடகிழக்குப் பக்கம் மட்டும் தார்ப்பாய். மற்ற மூன்றும் கம்பிவலை. நெல் மில்லிலிருந்து காய்ந்த உமி. வேறொன்றும் இல்லை.

எழுந்திருக்கும்போது பெரியவரிடம் அவர் கோழிகளைப் பற்றிக் கேட்டேன். "அதை ஏன் கேக்குறீங்க தம்பி! மூணு தார்ப்பாய் வாங்கிக் கட்டியிருக்கேன். பொழுது சாஞ்சா ஒண்ணுகூட உள்ள போகாது. எல்லாம் முருங்க மரத்துல ஏறிக் குந்திக்குது. நன்றி கெட்ட ஜென்மம்."