வீட்டுக்கொரு துபாஷி



சென்ற மாதம் மருத்துவமனையில் நம் முறைக்காகக் காத்திருக்கையில், தமிழ் அம்மையார் ஒருவரைக் கண்டோம். உடன் வந்திருந்தவன் அவருடைய பத்து வயது மகன். தாய் தமிழில் சொல்ல, அவன் மருத்துவருக்கு இந்தியில் எடுத்துரைத்தான். கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆயினும் ஓரிடத்தில் சொல் அறியாது விழித்தான். தாய் தாழ்ந்த குரலில், "அது வேண்டாம், விட்டுவிடு" என்றார். சொல்ல வந்த நோய் சொல்லப்படாமலே போயிற்று.

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. போலந்து நாட்டில் குடியேறிய வியட்நாமியர் இல்லங்களிலும் இதனைக் காணலாம். அங்கு முதலில் சென்றவர்கள் மாணவர்கள். அயல்நாட்டு மாணவருக்குப் போலிஷ் மொழி கற்பிக்கும் நிலையம் ஒன்று 1952 ஆம் ஆண்டில் வூச் நகரில் தொடங்கப் பெற்றது. முதலில் மொழி, பிறகே பல்கலைக்கழகப் படிப்பு என்பது முறை. அவ்வழி வந்தவர்கள் அம்மொழியில் நன்கு தேர்ந்தனர்.

1989 ஆம் ஆண்டு ஆட்சி மாறிய பின் வணிகத்துக்காகப் பலர் வந்தனர். வார்சாவின் பழைய விளையாட்டரங்கத்தைச் சுற்றி எழுந்த பெருஞ்சந்தையில் காலை முதல் கடை விரித்தோருக்கு விலை சொல்லும் அளவே போலிஷ் போதுமாயிருந்தது. குழந்தைகளைப் போலந்து நாட்டு மூதாட்டியரிடம் பார்த்துக்கொள்ள விட்டவர் பலர். அக்குழந்தைகள் பாட்டியிடமும் பள்ளியிலும் போலிஷ் மொழியைத் தாய்மொழி போலக் கற்றனர். விளைவு யாது? அரசாங்கக் கடிதத்தைப் படித்துப் பொருள் கூறுபவன் பிள்ளை. மருத்துவரிடம் பேசுபவனும் பிள்ளை. சில வீடுகளில் பெற்றோரின் போலிஷும் வளரவில்லை. பிள்ளையின் வியட்நாமியமும் நிலைக்கவில்லை. ஒரே மேசையில் உண்போருக்கு மனம் விட்டுப் பேச ஒரு மொழி இல்லாது போயிற்று.

போலிஷ் எளிய மொழியன்று. ரொட்டி ஒன்றாயின் 'ஹ்லெப்', இரண்டு முதல் நான்கு வரை 'ஹ்லெபி', ஐந்தாயின் 'ஹ்லெபூஃப்'. வேற்றுமைகள் ஏழு. நம் இலக்கணத்தின் எட்டாம் வேற்றுமை போன்றே அங்கும் கடைசி வேற்றுமை விளிதான். கண்ணன் நம்மிடம் 'கண்ணா' ஆவது போல, அன்னா அங்கு 'அன்னோ' ஆகிறாள். அறிமுகமற்றவரை 'நீ' என்றல் மரியாதையன்று. ஆடவரைப் 'பன்' என்றும் பெண்டிரைப் 'பனி' என்றும் சொல்லிப் படர்க்கையில் பேச வேண்டும். எதிரில் நிற்பவரிடமே "ஐயா என்ன சொல்கிறார்?" என்று நாம் கேட்பதில்லையா? அதுபோலத்தான்.

இத்தனையும் கற்ற பிறகே வாய் திறப்பேன் என்பவர் என்றும் திறக்கமாட்டார். கடைக்குள் நுழைகையில் 'ஜென் டோப்ரி' என்று வணக்கம் கூறி, ரொட்டியைப் பிழையாகவே கேட்டாலும் ரொட்டி கிடைக்கும். மறுநாள் பிழை ஒன்று குறையும். 2012 இல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம், நெடுநாள் வாழ்ந்து குடியுரிமை கோருவோரிடம் மொழிச் சான்றிதழ் கேட்டது. அதில் எதிர்பார்க்கப்பட்டதும் புலமையன்று. அன்றாடக் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் இடைநிலைத் தேர்ச்சியே.

மறுபுறம், பிள்ளைகள் தம் மொழியை இழவாதிருக்க வியட்நாமியப் பெற்றோர் வார்சாவில் வார இறுதி வகுப்புகளும் நடத்துகின்றனர். நாமும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறோம், நன்று. ஆனால் பெரியோர் இவ்வூர் மொழியைக் கற்பது யாருடைய கடமை? சிரிப்பார்களே என்று நாணி நாம் ஒதுங்கும் ஒவ்வொரு முறையும், நம் சுமையைப் பத்து வயதுத் தோளில் ஏற்றுகிறோம்.

ஆகவே, சகோதரிகளே, நாளைக் காலை காய்கறிக்காரர் வந்தால் பிள்ளையை அழையாதீர்கள். நீங்களே விலை கேளுங்கள். தவறினால் அவர் சிரிக்கலாம். நீங்களும் உடன் சிரியுங்கள். இன்று கத்தரிக்காய் கேட்கப் பழகிய நாவே, நாளை மருத்துவரிடம் உங்கள் நோயை நீங்களே சொல்லும்.