கூம்பைக் கழற்றுவது இரக்கமா?

நம் சங்கத்தில் என் வயதுக்காரர்கள் கூடினால் முன்பெல்லாம் பென்ஷன், முழங்கால் வலி என்றுதான் பேச்சுப் போகும். இப்போது நாயும் சேர்ந்துகொண்டது. நாய் வாங்குகிறவர்கள் ஹைடெக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள். பகல் முழுதும் அதைப் பார்த்துக்கொள்கிறவர்கள் நாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டு ஜூலிக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. டாக்டர் அதன் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பை மாட்டி, பத்து நாள் கழற்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த ஜூலி கதவுகளில் இடித்துக்கொண்டது, சுவரைப் பார்த்தபடி மூலையில் நின்றது, சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் இரவு அதன் முனகலைப் பொறுக்கமாட்டாமல் நான்தான் கூம்பைக் கழற்றினேன். விடிவதற்குள் தையலைக் கடித்துப் பிரித்துவிட்டது. மறுபடி மயக்க மருந்து, மறுபடி தையல். பேத்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் காட்டியது இரக்கமே அல்ல. என் மனசு ஆறவேண்டி அதன் புண்ணை ஆறவிடாமல் செய்துவிட்டேன்.

நாய் நக்கினால் புண் ஆறிவிடும் என்று நம்மில் பலர் இன்றும் சொல்கிறோம். அதன் எச்சிலில் கிருமிகள் உண்டு. தையல் நூலும் அதன் முன்பற்களுக்கு ஒரு பொருட்டல்ல.

இந்தக் கூம்புக்கு எலிசபெத் காலர் என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டில், முதலாம் எலிசபெத் ராணி காலத்தில், இங்கிலாந்துப் பிரபுக்கள் கழுத்தைச் சுற்றி அணிந்த மடிப்புத் துணியை ஒத்திருப்பதால் வந்த பெயர். பிரபுக்களுக்கு அது அலங்காரம், நாய்க்குத் தொல்லை. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், நாய், பூனை வளர்ப்போர் 434 பேரில் முக்கால் பங்குக்கு மேற்பட்டவர்கள், கூம்பு போட்ட நாட்களில் தங்கள் பிராணியின் பாடு மோசமானதாகவே கூறினார்கள். ஆக, கஷ்டம் மெய்தான். அதற்கு மருந்து கழற்றுவது அல்ல.

ரயில்வேயில் பெரிய டிரான்ஸ்பார்மர் போல அளவு மீறிய சரக்கை ஓ.டி.சி. என்போம். அதற்காகச் சரக்கைச் செதுக்குவோமா? போகும் வழியில் இடைவெளி போதுமா என்று முன்கூட்டியே பார்த்து, வேகத்தைக் குறைத்து அனுப்புவோம். கூம்பு மாட்டிய நாயும் வீட்டுக்குள் ஓ.டி.சி.தான். மாறவேண்டியது வீடு.

இரண்டாம் முறை அப்படித்தான் செய்தேன். நாற்காலி, ஸ்டூல்களை ஓரம் கட்டினேன். மாடிப்படியை அடைத்தேன். அகலத் தட்டை எடுத்துவிட்டு, கூம்புக்குள் அடங்கும் சிறு கிண்ணத்தை மணைமேல் வைத்தேன். ஜூலி அன்றே சாப்பிட்டது. கூம்பு பக்கப் பார்வையை மறைப்பதால், பெயர் சொல்லிக் கூப்பிட்டு முன்பக்கமாகவே அருகில் போனோம். உள்பக்கம் ஒட்டும் சோற்றைத் தினமும் துடைத்தோம். நாய் இளைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஹைதராபாதில் மின்விசிறியும் எட்டும் இடத்தில் தண்ணீரும் கட்டாயம்.

அளவும் முக்கியம். கூம்பின் விளிம்பு மூக்கு நுனியைச் சற்றுத் தாண்ட வேண்டும். கழுத்துப் பட்டைக்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். துணியில் செய்ததும் கிடைக்கிறது. புண் இருக்கும் இடத்துக்கு அது போதுமா என்பதை டாக்டரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே, அடுத்த பத்து நாளும் வீட்டில் யார் இருப்பார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாலு நாள் முன்பே கூம்பை வாங்கி, பிஸ்கட் கொடுத்துக் கொஞ்ச நேரம் மாட்டிப் பழக்குங்கள். எல்லாவற்றையும் தாத்தா பாட்டி தலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எங்கள் மனசு இளகிய மனசு. நடு இரவில் கை தானாகக் கூம்பிடம் போய்விடும்.