பூனைக்கும் பூச்சி மருந்து வேண்டும்



தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மீன் தலையும் குடலும் தின்று வளர்ந்தது எங்கள் வீட்டுப் பூனை. போன மாதம் அதன் வாலடியில் அரிசி மணிபோல ஏதோ ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தால் மெல்ல நெளிந்தது. நாங்கள் மீனைத்தான் குறை சொன்னோம். அது நாடாப்புழுவின் துண்டு, தெள்ளுப்பூச்சியால் வந்தது என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. பூனை உடம்பை நக்கும்போது தெள்ளோடு புழுவும் உள்ளே போய்விடுகிறதாம். குடற்புழு மாத்திரை மட்டும் போதாது, தெள்ளும் ஒழிய வேண்டும். அதற்காக நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், உயிரே போய்விடும்.

என் மனதை அறுப்பது வேறொன்று. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்றதும், ஆறு வருடம் வளர்த்த பூனையைச் சாக்கில் கட்டிக் கடற்கரையில் விட்டுவிட்டார்கள். டாக்ஸோபிளாஸ்மா பயம். கருவைப் பாதிக்கும் கிருமிதான், பயம் பொய்யில்லை. ஆனால் பெரும்பாலும் முதல் தொற்றின்போது சில வாரங்கள்தான் அது பூனையின் மலத்தில் வெளியேறும். வெளியேறிய உடனே தொற்றாது. ஒரு நாளாவது ஆகும். கர்ப்பிணியை விட்டு வேறொருவர் தினமும் மலத்தை அள்ளிக் கை கழுவினால் ஆபத்து வெகுவாகக் குறையும். அரைவேக்காட்டுக் கறியிலும் கழுவாத கீரையிலும்கூட அதே கிருமி வரலாம்.

ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினத்தில் நடக்கும் வெறிநோய்த் தடுப்பூசி முகாம்களில் பூனைகளுக்குக் குடற்புழு மருந்தும் கொடுக்கலாமே. திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் மீனவர் தெருக்களுக்கு வந்து இவற்றையெல்லாம் விளக்க வேண்டும்.

— ஒரு வாசகி, தூத்துக்குடி